கடைசி வரிசைக் கத்தரி மட்டும் ஏன் வாடியது?

முன்வரிசைகள் செழிப்பாக நிற்க, கடைசி நாலு வரிசை மட்டும் மதியமானால் தலையைத் தொங்கப் போட்டன. மோட்டார் கோளாறு என்றே நினைத்தேன். அப்புறம் ஒரு தம்ளரைச் சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் சொட்டும் சிறு முனையான சொட்டுவானுக்கு அடியில் வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவானில் நிமிடத்துக்குச் சுமார் 67 மில்லி வர வேண்டும், வந்தது 20.

சொட்டுவானைக் கழற்றினால் அதன் வாயில் வெள்ளைப் படிவு, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. போர் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு. ஊசியால் மட்டும் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். (அந்தத் தப்பையும் செய்தேன். பத்துப் பதினைந்து சொட்டுவான் போச்சு.)

முதலில் லேட்டரல் குழாய்களின் (செடி வரிசையோரம் ஓடும், சொட்டுவான் பொருத்திய குழாய்கள்) கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போகும்வரை தண்ணீர் விட்டேன். பிறகு கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, படிவைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும், அது ஆபத்து. கரைசலை வென்சுரி (குழாயில் ஓடும் தண்ணீரின் வேகத்தில் திரவத்தை உறிஞ்சும் கருவி) வழியாக உள்ளே இழுக்க விட்டு, கடைசிச் சொட்டுவானில் பிஹெச் தாள் (அமிலத்தன்மை காட்டும் தாள்) 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்தினேன். ராத்திரி முழுக்க அப்படியே ஊறியது. காலையில் எல்லா மூடியையும் திறந்து நன்றாக அலசினேன்.

சரி, மறுபடி தம்ளர் வைத்தேன். 61 மில்லி. நாலு நாளில் இலை நிமிர்ந்தது.