நருசே படம் பாக்கணும்னா எதுல ஆரம்பிக்கிறது, எத கவனிக்கிறது

பழைய ஜப்பான் படம்னா நம்மள்ல நிறைய பேர் கதை ஒண்ணுதான், செவன் சாமுராய் பாத்தாச்சு, ரஷோமோன் பாத்தாச்சு, யாரோ சொன்னாங்கன்னு டோக்கியோ ஸ்டோரியும் பாத்து அழுதாச்சு, அப்புறம் நேரா அனிமே பக்கம் போயாச்சு. நடுவுல மிக்கியோ நருசேன்னு ஒருத்தரு 1930லேர்ந்து 1967 வரைக்கும் 89 படம் எடுத்துட்டு போய் சேந்துட்டாரு, அவர பத்தி பேச்சே வராது. குரோசாவா, ஓசு, மிசோகுச்சின்னு மூணு பேர சொல்லிட்டு நாலாவதா, ஞாபகம் இருந்தா, இவரையும் சேத்துக்குவாங்க. மாசக் கடைசில கணக்கு போட்டு குடும்பம் நடத்துறவங்களுக்கு நான் முதல்ல கை காட்டுறது இவரத்தான்.

ஆளப் பத்தி கொஞ்சம். 1905ல டோக்கியோவுல பொறந்தவரு, வீட்டுல வசதி கிடையாது, பதினஞ்சு வயசுலயே ஷோச்சிக்கு ஸ்டூடியோவுல எடுபிடியா சேந்து டைரக்டர் நாற்காலிக்கு வரவே பத்து வருஷம் ஆச்சு. ஓசுவும் அதே ஸ்டூடியோதான், அங்க தலைமையில இருந்த கிதோ, "நமக்கு ரெண்டு ஓசு தேவையில்ல"ன்னு இவர்கிட்ட சொன்னதா ஒரு கதை சுத்திட்டு இருக்கு, எப்படியோ அங்கேர்ந்து வெளிய வந்து பின்னாடி தோஹோ ஆன கம்பெனிக்கு போயிட்டாரு. 1937ல இவர்கிட்ட அசிஸ்டண்டா வேல பாத்தவர் யாருன்னா குரோசாவா!

சரி, எதுல தொடங்குறது. எந்த லிஸ்ட்ட எடுத்தாலும் முதல்ல ஃப்ளோட்டிங் க்ளவுட்ஸ் தான் இருக்கும், 1955 படம், ஜப்பான்ல அந்த வருஷத்தோட சிறந்த படம்னு கினெமா ஜும்போ பத்திரிகையே தேர்ந்தெடுத்தது. ஆனா அத முதல்ல பாக்காதீங்க. ரெண்டு மணி நேரம் ஒரு பொண்ணு தகுதியே இல்லாத ஒருத்தன் பின்னாடி போயிட்டே இருப்பா, நருசேயோட பாஷை பழகாம பாத்தீங்கன்னா "ஏம்மா அவன விட்டுத் தொலையேன்"னு டிவிய பாத்து கத்திட்டு ஆஃப் பண்ணிடுவீங்க. மூணாவதோ நாலாவதோ பாருங்க, அப்போ அந்த ஆளு மூஞ்சில தெரியற சோர்வும் புரியும், போர் முடிஞ்ச டோக்கியோவுல ரெண்டு பேருக்கும் போக்கிடம் இல்லங்கறதும் புரியும்.

முதல் படம் 1960ல வந்த வென் எ வுமன் அசெண்ட்ஸ் த ஸ்டேர்ஸ். டோக்கியோவோட கின்ஸா ஏரியாவுல மாடியில ஒரு பார், அத நடத்துற கெய்கோங்கற விதவை, வயசு முப்பத தொடுது, ஒண்ணு யாரையாவது கல்யாணம் பண்ணிக்கணும், இல்ல சொந்தமா பார் வைக்கணும், வேற வழி கிடையாது. ஹிதெகோ தகாமினே நடிச்சிருக்காங்க, நருசே கூட மட்டும் பதினேழு படம் பண்ணவங்க, இந்தப் படத்துக்கு காஸ்ட்யூமும் அவங்களே. 111 நிமிஷம்தான்.

இத பாக்கும்போது ஒரே ஒரு வேல பண்ணுங்க, காசு எங்கெங்க கைமாறுதுன்னு கவனிங்க. காதல் சீன், அழுகை சீன் எல்லாம் தானா வந்து சேரும், நீங்க காசு பின்னாடியே போங்க. கெய்கோ நல்ல கிமோனோ கட்டணும், சென்ட் வாங்கணும், நல்ல ஏரியாவுல வீடு எடுக்கணும், இதெல்லாம் ஆடம்பரம் இல்ல, தொழிலுக்கு போடுற முதல், ஆனா அம்மா கண்ணுக்கு அது ஊதாரித்தனம். அண்ணன் வந்து நிப்பான், அவன் புள்ளைக்கு போலியோ, ஆபரேஷனுக்கு பணம் வேணும்பான். கஸ்டமர் ஒருத்தர் பார் வைக்க பணம் தரேம்பாரு, பதிலுக்கு என்ன எதிர்பாக்குறாருன்னு எல்லாருக்கும் தெரியும். கடன்காரன் சாவு வீட்டுக்கே வந்து பாக்கிய கேக்குற சீன் ஒண்ணு இருக்கு, யாரும் குரல் உசத்த மாட்டாங்க, மரியாதையா கேப்பாங்க, அதுதான் தாங்க முடியாது. வேற டைரக்டர் படத்துல ஏழ்மைன்னா கிழிஞ்ச துணியும் மழை ஒழுகுற கூரையும், இவரு படத்துல ஏழ்மைன்னா பர்ஸ தொறந்து எண்ணிப் பாத்து மறுபடி மூடுறது.

இது பிடிச்சிருந்தா அடுத்தது 1964 படம் இயர்னிங். போர்ல புருஷன பறிகொடுத்த ரெய்கோ அந்தக் குடும்பத்துக் கடைய பதினெட்டு வருஷமா தனியா தூக்கி நிறுத்தியிருப்பா, பக்கத்துல சூப்பர் மார்க்கெட் வந்து முட்டைய அடிமாட்டு விலைக்கு விக்க ஆரம்பிச்சதும் தெருவே ஆடிப் போகும். நாத்தனாருங்களுக்கு அண்ணிய கிளப்பி விட்டா போதும். இதுக்கு நடுவுல புருஷனோட தம்பி, பதினொரு வயசு சின்னவன், அவ மேல ஆசைய சொல்லிடுவான். முதல் பாதி வியாபாரம், ரெண்டாவது பாதி ஒரு ரயில் பயணம், ரயில்ல அவன் சீட்டு மாறி மாறி கிட்ட வந்துட்டே இருப்பான், வசனம் கம்மி, அவ லேசா சிரிப்பா, அவ்வளவுதான், ஆனா நான் பாத்த காதல் சீன்கள்ல இதுக்கு மேல ஒண்ணு சொல்லத் தெரியல. கடைசி ஷாட்ட பத்தி இங்க எதுவும் எழுத மாட்டேன், நீங்களும் விமர்சனம் படிக்காம போங்க. எழுதினது ஸென்ஸோ மத்ஸுயாமா, தகாமினேயோட நிஜ புருஷன், இது சும்மா தகவலுக்கு.

மூணாவதா லேட் க்ரிசாந்திமம்ஸ், 1954. வயசான முன்னாள் கெய்ஷாங்க, அதாவது விருந்துகள்ல ஆடிப் பாடுறத தொழிலா வச்சிருந்த பொண்ணுங்க, நாலு பேரு, அதுல ஒருத்தி மட்டும் உஷாரா காசு சேத்து மத்தவங்களுக்கே வட்டிக்கு விடுறா. ஹருகோ சுகிமுரா அந்த ரோல்ல பின்னிருப்பாங்க. இதுக்கும் ஃப்ளோட்டிங் க்ளவுட்ஸுக்கும் மூலம் ஃபுமிகோ ஹயாஷி எழுதின கதைங்க, வறுமைய நேர்ல பாத்த எழுத்தாளர், நருசே திரும்பத் திரும்ப அவங்க கிட்டதான் போயிருக்காரு.

"ஸ்லோவா இருக்குமே"ன்னு கேப்பீங்க. உண்மையில ஸ்லோ கிடையாது. குரோசாவாவே தன் சுயசரிதைல எழுதியிருக்காரு, குட்டி குட்டி ஷாட்டா ஒட்டி வச்சிருப்பாராம், பாக்குறப்போ ஒரே நீள ஷாட் மாதிரி ஓடுமாம். ரெண்டு பேரு தெருவுல பேசிட்டே நடக்குறப்போ பாருங்க, ஒருத்தர் ரெண்டடி முன்னாடி போவாரு, நிப்பாரு, திரும்பிப் பாப்பாரு, அந்த திரும்புற நொடியில கட் விழும். யார் யார பாக்குறாங்க, யார் கண்ண தாழ்த்திக்கிறாங்க, கதை முழுக்க அங்கதான் நகருது. அதனால போன நோண்டிட்டே பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், குறை படத்துல இல்ல.

இனி டெக்னிக்கல் சமாச்சாரம். தேடும்போது ஜப்பானிய பேரும் போட்டுத் தேடுங்க, இயர்னிங்னு மட்டும் அடிச்சா சம்பந்தமில்லாத நூறு படம் வரும், மிதாரெருன்னு சேத்து அடிங்க, ஃப்ளோட்டிங் க்ளவுட்ஸுக்கு உகிகுமோ. பழைய படங்களுக்கான ஸ்ட்ரீமிங் தளம் க்ரைடீரியன் சேனல் இந்தியாவுல கிடையாது, இன்னொரு ஸ்ட்ரீமிங் தளமான முபில அப்பப்ப எட்டிப் பாருங்க, ஃபிலிம் சொசைட்டி ஸ்க்ரீனிங் கிடைச்சா விடவே விடாதீங்க. ஐம்பதுகள்ல வந்ததெல்லாம் பெரும்பாலும் கிட்டத்தட்ட சதுரமான ஃப்ரேம், டிவி அத இழுத்து அகலமாக்கும், அந்த செட்டிங்க ஆஃப் பண்ணுங்க, படத்த சீரியல் மாதிரி வழவழன்னு ஓட வைக்கிற மோஷன் ஸ்மூத்திங்கையும் ஆஃப் பண்ணுங்க. 1960 படமும் 1964 படமும் அகல ஸ்க்ரீன், அதுக்கு மேலயும் கீழயும் கருப்பு பட்டை வரணும், வரலன்னா ஓரத்துல நிக்கிற ஆள வெட்டிட்டாங்கன்னு அர்த்தம். சப்டைட்டில் முன்ன பின்ன ஓடுச்சுன்னா விஎல்சி ப்ளேயர்ல ஜி, ஹெச் ரெண்டு கீயையும் தட்டி சரி பண்ணலாம், ஆனா போகப் போக இடைவெளி கூடிட்டே போச்சுன்னா அது ஃப்ரேம் ரேட் பிரச்சினை, வேற ஃபைல் தேடுறதுதான் வழி.

இவரோட சைலண்ட் படங்கள்ல மிஞ்சினது அஞ்சுதான், அஞ்சும் ஒரே டிவிடி செட்டா வந்திருக்கு. அதுல 1933ல வந்த எவ்ரி நைட் ட்ரீம்ஸ மட்டும் எப்பவாவது பாருங்க, கேமரா ஆளுங்க மூஞ்சிய நோக்கி சர்ருன்னு பாயும், பின்னாடி அவ்வளவு அடக்கமா எடுத்தவர் இவருதானான்னு சந்தேகமே வந்துடும்.