கணினியைத் துடைத்துப் புதிதாக்கும் முன்: கோப்புகளைப் பத்திரப்படுத்தும் முறை

விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் எனக்குத் தெரிந்த பல குடும்பங்கள் வீட்டுக் கணினியைத் துடைத்துப் புதிதாக்க, அதாவது உள்ளதை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவ, நினைக்கின்றன. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் உங்களுக்கு எந்தக் கோப்பு முக்கியம் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. நகல் எடுக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: இடம்

சி டிரைவின் மீது வலது சொடுக்கிட்டு 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ அதைவிடப் பெரிய வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். பழைய பென் டிரைவை நம்ப வேண்டாம். அவற்றில் பல எஃப்ஏடி32 வடிவில் இருக்கும். 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை அந்த வடிவம் ஏற்காது. தாத்தா பாட்டியின் அறுபதாம் கல்யாண வீடியோ அங்கேதான் சிக்கும்.

படி 2: நகல் எடுத்தல்

சி டிரைவில் 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதிலுள்ள டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் அனைத்தையும் எடுங்கள். வீட்டில் வேறு பெயரில் நுழைபவர்கள் இருந்தால் அவர்களுடையதையும் சேருங்கள். டவுன்லோட்ஸைக் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள். வருமான வரிப் படிவங்களும் வங்கி அறிக்கைகளும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். வரி ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது மலேசியச் சட்டம்.

'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். கோலாலம்பூரில் மாலை இடிமழைக்கு மின்சாரம் தடைபடுவது புதிதல்ல; ஆகவே காலையில் தொடங்குங்கள். இந்த நேரத்தில் படங்களை ஒழுங்குபடுத்தவோ வேண்டாதவற்றை அழிக்கவோ உட்காராதீர்கள். அவசரத்தில் அழிப்பது திரும்பி வராது.

படி 3: தமிழ் எழுத்துருக்கள்

பொதுவான வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. நமக்கோ இதுதான் உயிர்நாடி. தமிழ்ப்பள்ளி வினாத்தாள், ஆலயக் கூட்டக் குறிப்பு, திருமண அழைப்பிதழ் என்று யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் பல மலேசிய வீடுகளில் இருக்கின்றன. இங்கே உருவான தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலின் பழைய பதிப்புகளில் தட்டச்சு செய்தவையும் அவற்றில் அடங்கும். அந்தக் கோப்புகளுக்குள் இருப்பவை வெறும் குறியீடுகள். அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுவது எழுத்துரு. கணினியைத் துடைத்தால் எழுத்துருவும் போய்விடும். கோப்பு நலமாக இருந்தும், திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து நிற்கும்.

பழைய கோப்பை வேர்டில் திறந்து, தமிழ்ப் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். சி டிரைவில் 'விண்டோஸ்' கோப்புறைக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்பதைத் திறந்து, அதே பெயருள்ளதை நகலெடுங்கள். முக்கியமான ஆவணங்களைப் பிடிஎஃப் ஆகவும் சேமித்து, உங்கள் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியிலும் தமிழ் சரியாகத் தெரிந்தால் கவலையில்லை.

படி 4: மறைந்திருப்பவை

பெயருக்கு அருகே நீல மேகக் குறி உள்ள ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) கோப்புகள் கணினியில் இல்லை, இணையத்தில் இருக்கின்றன. ஒன்டிரைவ் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று இப்போதே சோதியுங்கள். குரோமில் சேமித்த முகவரிகளை 'புக்மார்க் மேனேஜர்' வழியாக ஏற்றுமதி செய்யலாம். அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் மின்னஞ்சல்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி கோப்பையும் தேடி எடுக்க வேண்டும்.

படி 5: சரிபார்த்தல்

மூலக் கோப்புறை, நகல் இரண்டின் பிராப்பர்ட்டீஸையும் அருகருகே திறந்து கோப்புகளின் எண்ணிக்கையையும் 'சைஸ்' வரியையும் ஒப்பிடுங்கள். கீழே உள்ள 'சைஸ் ஆன் டிஸ்க்' வட்டுக்கு வட்டு மாறும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறகு ஹார்ட் டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, சில படங்களையும் வீடியோக்களையும் ஆவணங்களையும் திறந்து பாருங்கள். வீடியோவின் நடுப்பகுதிக்கும் கடைசிக்கும் தாவிப் பாருங்கள். பாதியில் நின்ற நகல் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அதே கோப்புகளை இன்னொரு வட்டிலோ இணையச் சேமிப்பிலோ வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள். குழந்தைகளின் படங்களுக்கு ஒரே நகல் போதாது என்பது என் உறுதியான கருத்து.

படி 6: தொடங்கும் முன்

கணினியில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதைத் தேடி, தாளில் எழுதிவையுங்கள்.

பிறகு 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ரிக்கவரி', அதில் 'ரீசெட் திஸ் பிசி'. 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கோப்புகள் தங்கும், நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். 'ரிமூவ் எவ்ரிதிங்' எல்லாவற்றையும் அழிக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், பொத்தானை அழுத்துமுன் வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் முதலில் எழுத்துருக்களை நிறுவுங்கள், அடுத்து கோப்புகளைத் திருப்பி நகலெடுங்கள். வெளி ஹார்ட் டிஸ்கில் உள்ள நகலை அழித்துவிடாதீர்கள்.