மிளகாயில் நாமே புது ரகம் எடுப்பது எப்படி?

கோவில்பட்டியில் உருவான கே 2 ரகம், பி.70ஏ மிளகாயையும் சாத்தூர் சம்பாவையும் கலந்து, வந்த பிள்ளைகளிலிருந்து பொறுக்கியெடுத்தது. இதே முறையைத் தோட்டத்திலும் செய்யலாம். கூர்மையான இடுக்கி, பஞ்சு, நூல், கொசுவலைத் துணி இருந்தால் போதும். ஆனால் ஆறேழு தலைமுறை பிடிக்கும்.

முண்டு மிளகாயின் உருண்டை வடிவமும் சம்பாவின் காய்ப்பும் ஒரே செடியில் வேண்டும் என்பதுபோல், தேவையை முதலில் எழுதி வையுங்கள். வீரிய ஒட்டு ரகத்தைப் பெற்றோராக வைக்காதீர்கள். அதுவே கலப்பு என்பதால், எந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பிடிபடாது. இரண்டில் ஒன்று வானம் பார்த்துக் காய்க்கும் ரகமானால் அதையே தாயாக்குங்கள், அதாவது மகரந்தத்தை ஏற்று விதை தரும் செடியாக்குங்கள். தொங்கும் குணமே மேலோங்கும். ஆகவே கலப்பு விதையில் முளைக்கும் முதல் தலைமுறையில் மேல்நோக்கிக் காய்க்கும் செடி, கலப்பு ஆகாமல் தன் மகரந்தத்திலேயே பிறந்தது. அதைப் பிடுங்கிவிடலாம்.

பகலில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். அதனால் மார்கழி, தை மாதங்களில் பூக்கும்படி நாற்று விடுங்கள்.

மாலை நான்கு மணிக்கு மேல், தாய்ச் செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டைத் தேடுங்கள். வெளுத்து உப்பியிருக்கும், இதழ் மூடியே இருக்கும். இதழ்களை மெல்ல உரித்தால் நடுவே மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி, சுற்றிலும் ஐந்தாறு நீலம் பாய்ந்த மகரந்தப் பைகள். ஒவ்வொன்றையும் அடியில் பிடித்து வெளிப்பக்கமாக இழுங்கள். ஒரு பை வெடித்துத் தூள் தெரிந்தாலும் அந்த மொட்டு வேண்டாம். சூல்முடி நசுங்கினாலும் காய் பிடிக்காது. முடிந்ததும் மெல்லிய பஞ்சைச் சுற்றிவிடுங்கள். தந்தைச் செடியில் விரியவிருக்கும் மொட்டுகளையும் அப்படியே மூடுங்கள், தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும்.

மறுநாள் காலை ஏழிலிருந்து பத்துக்குள், தந்தைப் பூவின் பை வெடித்ததும் அந்தத் தூளைத் தாயின் சூல்முடியில் தடவி மறுபடி பஞ்சு சுற்றுங்கள். தாய், தந்தை, தேதி எழுதிய சீட்டைக் காம்பில் கட்டுங்கள். அந்தக் கிளையில் ஏற்கெனவே பிடித்த காய்களைக் கிள்ளிவிடுவது முக்கியம். அவை சத்தை இழுத்தால் புதுப் பிஞ்சு உதிரும். எப்படியும் பாதிக்கு மேல் உதிரலாம், அதனால் இருபது பூவுக்காவது செய்யுங்கள். பிஞ்சு தெரிந்ததும் பஞ்சை எடுத்துவிடுங்கள். பழம் நன்றாகச் சிவந்தபின் கையுறை போட்டு விதை எடுங்கள்.

முதல் தலைமுறையில் பத்துச் செடி போதும். எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், செழிப்பாகவும் இருக்கும். அந்தச் செழிப்பை நம்பி ரகம் கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது, அடுத்த தலைமுறையில் சிதறிவிடும். பூக்குமுன் கிளைக்கு வலைப்பை கட்டி, தன் மகரந்தத்தில் காய்க்க விடுங்கள். இனி ஒவ்வொரு தலைமுறைக்கும் இதே வலை வேண்டும்.

இரண்டாம் தலைமுறையில்தான் பலரும் இடத்தை மிச்சம் பிடித்துக் கெடுக்கிறார்கள். ஒடுங்கிய குணங்கள் (தாய், தந்தை இரு வழியிலும் வந்தால்தான் வெளியே தெரிபவை) மூன்று ஒரே செடியில் சேர 64-க்கு ஒன்றுதான் வாய்ப்பு. அப்படி ஒரு செடியாவது தட்டுப்பட 200 செடி நட வேண்டும். 60-க்கு 45 செ.மீ. இடைவெளியில் ஒன்றரை சென்ட் நிலம் போதும். வரப்போரச் செடிக்கு வெளிச்சமும் இடமும் கூடுதல் என்பதால் அதன் காய்ப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். இலை சுருண்ட செடியை விதைக்கு விடவே கூடாது.

பழத்தின் பருமனைப் பார்த்து மயங்க வேண்டாம். பழம் பெருத்தால் பெரும்பாலும் எண்ணிக்கை குறையும். சதை அதிகமானால் பச்சையில் கனத்து, வத்தலில் ஏமாற்றும். செடிவாரியாகப் பத்துப் பழம் நிறுத்து, காயவைத்து மறுபடி நிறுங்கள். அந்த எடையைப் பழ எண்ணிக்கையோடு பெருக்கி, முதல் பத்துச் செடிகளை எடுங்கள். பிறகு நிறம், காம்பு உதிராமை, காரம் பாருங்கள்.

தேர்ந்த ஒவ்வொரு செடியின் விதையையும் தனி வரிசையாக, இருபது முப்பது செடி நடுங்கள். நல்ல வரிசையில் நல்ல செடி என்று ஆறாம் தலைமுறை வரை பொறுக்கினால் வரிசை ஒரே சீராகும். பிறகு இரண்டு பருவம், வயலில் மூன்று இடங்களில், பெற்றோர் ரகங்களுக்குப் பக்கத்திலேயே நட்டு வத்தல் எடை பாருங்கள். இரண்டையும் மிஞ்சாத வரிசையை விட்டுவிடுங்கள். மிஞ்சியதை வலையில்லாமல் விதைக்குப் பெருக்கும்போது மற்ற மிளகாய், குடைமிளகாய் எதுவும் 400 மீட்டருக்குள் இருக்கக் கூடாது.