நகரம் கட்சி தாவும் செட்டிங்கில் கை வைக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு அம்புகூட எய்யாமல், ஒரு படைகூட எல்லை தாண்டாமல் உங்கள் நகரம் பக்கத்து நாட்டுக் கொடியை ஏற்றிக்கொள்கிறது. வியூக விளையாட்டுகளில் ஆட்டக்காரர்களை இந்த அளவுக்குக் கொதிக்க வைக்கும் விதி வேறு இல்லை. அதனால்தான் கலாசாரத் தாவல் (பக்கத்து நாட்டின் கலாசாரச் செல்வாக்கால் நகரம் அதன் பக்கம் போவது) என்றதும் பலர் முதலில் தேடுவது அதை அணைக்கும் ஆப்ஷனை. அணைப்பதில் தப்பே இல்லை. எதை அணைக்கிறோம் என்று பார்க்காமல் அணைப்பதில்தான் தப்பு.

நகரம் ஒரே டர்னில் (ஆட்டத்தின் ஒரு சுற்றில்) தாவுவது போலத் தெரிந்தாலும் அதற்கு முன்னால் நிறைய நடந்திருக்கும். எதிராளியின் கலாசாரம் பல காலமாகச் சேர்ந்திருக்கும். சுற்றியுள்ள கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறியிருக்கும். ஊருக்குள் கலகம் வந்து போயிருக்கும். தாவல் கடைசிப் படி மட்டுமே. விளையாட்டு தரும் ஒவ்வொரு செட்டிங்கும் இந்தப் படிகளில் ஏதோ ஒன்றை மட்டும் தொடும். உங்களைக் குத்துவது ஒரு படி, நீங்கள் திருகுவது வேறொரு படி என்றால் ஆட்டம் முன்பைவிடக் கெட்டுப்போகும்.

"தாவல் இல்லை" என்றால் தொல்லை இல்லை என்று நினைப்பது

2005இல் வந்த சிவிலைசேஷன் 4 என்ற வியூக விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்டம் கேம் திரையில் இது சம்பந்தமாக இரண்டு ஆப்ஷன்கள் உண்டு. ஒன்று, கலாசாரத்தால் நகரங்கள் தாவவே கூடாது என்பது. மற்றொன்று, போரில் பிடித்த நகரமும் பழைய சொந்தக்காரரிடம் திரும்பித் தாவலாம் என்பது. இரண்டையும் எதிரெதிர் ஆப்ஷன்களாகப் பலர் படிக்கிறார்கள். உண்மையில் அவை தொடுவது வேறு வேறு இடங்களை.

முதல் ஆப்ஷனைப் போட்டால் நகரம் கைமாறாது, அவ்வளவுதான். கலகம் நிற்காது. நகரம் இருக்கும் கட்டத்தில் எதிராளியின் கலாசாரம் உங்களுடையதை மிஞ்சியிருக்கும்வரை கலகம் வருமா என்ற சோதனை நடந்துகொண்டே இருக்கும். காவல் படை போதாவிட்டால் ஊர் கலகத்தில் விழும். அந்த டர்ன்களில் உற்பத்தியும் வருமானமும் படுத்துவிடும். சுற்றியுள்ள வயலும் சுரங்கமும் எதிராளியின் எல்லைக்குள் போயிருந்தால் அவையும் திரும்பி வராது. ஆக, பெயருக்கு உங்களுடையதாக இருக்கும் ஒரு பட்டினி ஊரைக் கட்டி அழுதுகொண்டிருப்பீர்கள். ஊரை விட்டுவிடவும் முடியாது, வளர்க்கவும் முடியாது. இதைவிட அது தாவிப் போயிருந்தாலே தேவலை என்று தோன்றும் ஆட்டங்கள் உண்டு.

இரண்டாவது ஆப்ஷன் இயல்பாக அணைந்தே இருக்கும். ஒரு நகரத்தை எப்போதோ வைத்திருந்த நாடு, அதை இழந்தபின் கலாசாரத்தால் திரும்பப் பெற முடியாது என்பதே அடிப்படை விதி. போர் பிரியர்களுக்கு இது பெரிய சலுகை. ஆனால் அந்தப் பாதுகாப்பு பழைய சொந்தக்காரர் விஷயத்தில் மட்டும்தான். அந்த ஊரை ஒருபோதும் ஆளாத மூன்றாவது நாடு ஒன்று பக்கத்தில் கலாசாரத்தைக் கொட்டினால் ஊர் அதனிடம் தாவலாம். இது தெரியாமல் "ஆப்ஷன் வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டி ஃபைலுக்குள் எண்களை மாற்றப் போகிறவர்கள் அதிகம்.

என் கருத்து: கலாசார வெற்றியை நோக்கி ஆடும் ஆட்டத்தில் தாவலை விட்டுவைத்து, இந்த இரண்டாவது ஆப்ஷனையும் போடலாம். பிடிப்பதோடு வேலை முடியாது, பிடித்ததை வைத்துக்கொள்ளவும் உழைக்க வேண்டும் என்ற நிலை வரும்போது ஆட்டத்துக்கே வேறு சுவை வருகிறது.

படையைக் குவித்தால் போதும் என்ற நம்பிக்கை

2001இல் வந்த சிவிலைசேஷன் 3இல் இருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அந்த ஆட்டத்தின் கணக்கு ஓரளவு வெளிப்படையானது. ஊரில் உள்ள அயல்நாட்டுக் குடிகளின் எண்ணிக்கை, நகரத்தின் 21 கட்டங்களில் எதிராளி எல்லைக்குள் இருப்பவை, இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். எதிர்ப்புக் காட்டும் குடி இரண்டாக எண்ணப்படும். அந்த ஊரிலேயே எதிராளியின் கலாசாரம் அதிகம் என்றால் கூட்டுத்தொகை இரட்டிக்கும். ஊரில் குழப்பம் என்றால் மறுபடி இரட்டிக்கும், கொண்டாட்டம் என்றால் பாதியாகும். இரு நாடுகளின் மொத்தக் கலாசார விகிதத்தாலும் பெருக்க வேண்டும். வந்ததிலிருந்து காவல் படைகளின் எண்ணிக்கையைக் கழித்து, தலைநகரங்களின் தொலைவைப் பொறுத்த ஓர் எண்ணால் வகுத்தால் தாவும் வாய்ப்பு கிடைக்கும்.

புதிதாகப் பிடித்த ஊர் ஒன்றைப் பாருங்கள். அயல்குடிகள் 4, எதிராளி எல்லையில் 8 கட்டங்கள்: கூட்டினால் 12. அங்கே எதிராளி பல நூற்றாண்டாகச் சேர்த்த கலாசாரம் இருக்கிறது, ஆக 24. மொத்தக் கலாசாரம் இருவருக்கும் சமம் என்றே வைத்துக்கொள்வோம். ஆபத்தைச் சுழியாக்க 24 படைகள் வேண்டும். ஊரில் குழப்பம் வெடித்தால் 48. யாரால் முடியும்? பத்துப் படைகளை உள்ளே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால் ஒருநாள் ஊரோடு பத்தும் போய்விடும், ஏனென்றால் ஊர் தாவும்போது உள்ளே இருந்த படைகள் மொத்தமாகக் காணாமல் போகும்.

ஆகவே அந்த ஆட்டத்தில் நல்ல வழி வேறு. ஊருக்குள் ஒப்புக்கு ஒரு பழைய படை, முக்கியப் படைகள் வெளியே பக்கத்துக் கட்டத்தில். தாவினால் அடுத்த டர்னிலேயே மீட்கலாம். எதிராளியின் பக்கத்து ஊர்களையும் பிடித்துவிட்டால் அந்த 8 கட்டங்கள் தானாகவே உங்களுக்கு வரும். இதெல்லாம் வேண்டாம் என்றால் அதன் கான்க்வெஸ்ட்ஸ் விரிவாக்கப் பதிப்பில் ஆட்டம் தொடங்கும் திரையிலேயே தாவலை அணைக்கும் டிக் இருக்கிறது. அதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

வேகத்தை மாற்றிவிட்டு வாய்ப்பை மறப்பது

சிவிலைசேஷன் 4இல் ஒவ்வொரு டர்னும் கலகச் சோதனை நடக்க அடிப்படை வாய்ப்பு 10%. கேட்கச் சின்ன எண். ஆனால் பத்து டர்னில் ஒருமுறையாவது சோதனை நடக்கும் வாய்ப்பு சுமார் 65%, முப்பது டர்னில் சுமார் 96%. இயல்பு வேகத்தில் ஆட்டம் 500 டர்ன், மாரத்தான் என்ற மிக மெதுவான வேகத்தில் 1500. டர்னுக்கு இவ்வளவு என்று எழுதப்பட்ட எந்த எண்ணும் வேகம் மாறினால் வேறு பொருள் கொள்ளும். ஒரு வேகத்தில் பொருத்தமாக இருந்த எண்ணை அப்படியே இன்னொரு வேகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அழுத்தத்தைப் பாதியாக்கி மாற்றத்தை எதிர்பார்ப்பது

2018இல் ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்தோடு சிவிலைசேஷன் 6க்கு விசுவாசம், அதாவது ஊர் தன் நாட்டோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று காட்டும் எண், வந்தது. 100இல் தொடங்கும், சுழியைத் தொட்டால் ஊர் முதலில் சுதந்திர நகரமாகும், பிறகு வேறு நாட்டோடு சேரலாம். 9 கட்டத் தொலைவுக்குள் இருக்கும் ஊர்களின் மக்கள்தொகையே அழுத்தம் தருகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் 10% குறையும். நாடு பொற்காலத்தில் இருந்தால் அதன் அழுத்தம் ஒன்றரை மடங்கு, இருண்ட காலத்தில் பாதி. இதை அணைக்க ஆட்டத் திரையில் டிக் கிடையாது, மாட் (விளையாட்டின் விதிகளை மாற்றும் கூடுதல் ஃபைல்கள்) போட்டுத்தான் மாற்ற வேண்டும். அங்கேதான் சறுக்கல்.

அழுத்தம் அதிகமாகத் தெரிகிறதே என்று எல்லோருடைய அழுத்தத்தையும் பாதியாக்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். உள்நாட்டு அழுத்தம் 3, அயல் அழுத்தம் 9 என்றால், வித்தியாசத்தைப் பத்தால் பெருக்கி, சிறிய எண்ணோடு அரையைக் கூட்டி வகுக்கிறது விளையாட்டு: டர்னுக்கு சுமார் 17 இழப்பு. இரண்டையும் பாதியாக்கி 1.5, 4.5 என்று வைத்தால் இழப்பு 15. இவ்வளவு மாற்றியும் இரண்டே புள்ளிதான் குறைந்தது, ஏனென்றால் இது விகிதத்தைச் சார்ந்த கணக்கு.

திருக வேண்டியது உச்சவரம்பை. அழுத்தத்தால் வரும் மாற்றம் டர்னுக்கு 20ஐத் தாண்டாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. முழு அழுத்தத்தில் 100 விசுவாசம் ஐந்தே டர்னில் கரைவது அதனால்தான். அதை 12 ஆக்கினால் யோசிக்க நேரம் கிடைக்கும், ஆபத்தும் மிஞ்சும். அதற்காக 8க்கு இறக்கிவிடாதீர்கள். ஆளுநர் ஒருவரே டர்னுக்கு 8 விசுவாசம் தருகிறார். வரம்பும் அதே எண்ணுக்கு வந்துவிட்டால் ஆளுநர் உட்கார்ந்த எந்த ஊரையும் அழுத்தத்தால் அசைக்கவே முடியாது, விசுவாசம் இருந்தும் இல்லாத மாதிரி.

சிவிலைசேஷன் 5இல் இதைத் தேடுகிறவர்கள் கலாசார எண்களை வீணாகக் குடைய வேண்டாம். அதன் பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கத்தில் ஊர்கள் கைமாறுவது கொள்கை மோதலால் மகிழ்ச்சி -20க்குச் சரியும்போது. அங்கே கை வைக்க வேண்டிய இடம் மகிழ்ச்சி.

நடு ஆட்டத்தில் ஃபைலைத் திருத்துவது

கஸ்டம் கேம் திரையில் தேர்ந்த ஆப்ஷன்கள் சேவ் ஃபைலோடு போகும். விளையாட்டின் விதி எண்கள் இருக்கும் எக்ஸ்எம்எல் ஃபைலில் மாற்றிய எண்கள் அப்படிப் போவதில்லை; சிவிலைசேஷன் 4 அவற்றை விளையாட்டு திறக்கும்போது படிக்கிறது. ஆகவே நேற்றைய சேவை இன்று திறந்தால் புதிய எண்களோடு ஓடும். பாதி ஆட்டம் ஒரு விதியில், மீதி வேறொரு விதியில். எந்த மாற்றம் என்ன செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மூல ஃபைலைத் தொடாமல் மாட் ஃபோல்டரில் நகல் எடுத்துத் திருத்துங்கள், ஒரு தடவைக்கு ஒரே எண்ணை மாற்றுங்கள், புது ஆட்டத்தில் சோதியுங்கள். நண்பர்களோடு ஆடுவதாக இருந்தால் எல்லோரிடமும் ஒரே ஃபைல் இருக்கட்டும். கலகச் சோதனை வாய்ப்பு ஒருவர் கணினியில் 10%, இன்னொருவர் கணினியில் 5% என்றிருந்தால் ஒரு திரையில் ஊர் கலகத்தில் இருக்கும், மற்றதில் அமைதியாக இருக்கும். அதற்குப் பிறகு இரண்டு ஆட்டங்களும் ஒத்துப்போகாது.