கருவிகளோடு வாழும் கைக்குழந்தையுடன் வெளியே கிளம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்சிஜன் சிலிண்டர், மூக்குக் குழாய், மானிட்டர், மருந்துப் பெட்டி என்று ஒரு சின்ன வார்டையே கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த குழந்தை. அதைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதை, ஏரிக்கரை, கூடாரம் என்று யாராவது கிளம்புவார்களா? கிளம்புகிறார்கள். முடிந்தவர்கள் கிளம்பவும் வேண்டும் என்பேன், ஏனென்றால் மாதக்கணக்கில் அலாரம் சத்தத்துக்கு நடுவே தூங்கி எழும் பெற்றோருக்கு வெளிக்காற்று ஆடம்பரம் இல்லை. சிக்கல் என்னவென்றால், பயப்பட வேண்டாததற்கெல்லாம் பயந்து, பயப்பட வேண்டியதைக் கோட்டை விடுகிறோம். காற்று பட்டுவிடும் என்று குல்லாவை இழுத்து இழுத்து விடுபவர்கள், பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

"முழுசா சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருப்பதையே முதல் தவறாக வைக்கலாம். சில குழந்தைகளுக்கு அந்த "முழுசா" வருவதற்கு ஆண்டுகள் ஆகும், சில குழந்தைகளுக்கு வராமலே போகும். டாக்டரிடம் போய் "வெளியே கூட்டிட்டுப் போகலாமா" என்று மொட்டையாகக் கேட்டால் "கொஞ்ச நாள் போகட்டுமே" என்றுதான் பதில் வரும். நீங்கள் பூங்காவைச் சொல்கிறீர்களா பனிமலையைச் சொல்கிறீர்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேள்வியை உடைத்துக் கேளுங்கள். எத்தனை மீட்டர் உயரம் வரை போகலாம், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற அளவு) எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் ஆக்சிஜனைக் கூட்டலாம், எவ்வளவு வரை கூட்டலாம், அதற்குப் பிறகும் ஏறவில்லை என்றால் எத்தனை நிமிடம் பொறுக்கலாம். எல்லாவற்றுக்கும் எண்ணாகவே பதில் வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். அவர் காரணத்தோடு "இப்போது வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் சரி, அதோடு பேச்சு முடிந்தது, இன்னொரு டாக்டரிடம் போய் வேறு பதில் தேட வேண்டாம்.

தொற்று பயம் நியாயமானதுதான். ஆனால் ஆர்எஸ்வி போன்ற சுவாச வைரஸ்கள் பரவுவதற்குத் திறந்தவெளியைவிட மூடிய அறையும் கூட்டமும்தான் வசதி. ஆளில்லாத பாதையில் ஒரு மணி நேரம் நடப்பதில் இருக்கும் ஆபத்தைவிட, சளியோடு வந்து "ஒரே ஒரு முத்தம்" என்று கேட்கும் உறவினரிடம் இருக்கும் ஆபத்து அதிகம். அவரை வாசலிலேயே நிறுத்துங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது உயரம். இதைப் பற்றி நினைத்தே பார்க்காமல் மலைக்குக் கிளம்புபவர்கள் அதிகம். மலையிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. 1,500 மீட்டரில் கடல்மட்டத்தைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு, 2,500 மீட்டரில் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆரோக்கியமான பெரியவருக்கு லேசாக மூச்சு வாங்கும், அவ்வளவுதான். குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் இன்னும் தேறாத குழந்தைக்கும், நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் அதிகமுள்ள குழந்தைக்கும், சில வகை இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கும் அது பெரிய இறக்கம். வீட்டில் ஆக்சிஜன் இல்லாமலே சமாளிக்கும் குழந்தைக்குக்கூட அங்கே தேவைப்படலாம். காரிலேயே மேலே போய்விடலாம் என்பது இன்னும் மோசம், ஒரே மணி நேரத்தில் ஏறிவிடுவீர்கள், உடம்புக்குப் பழக நேரமே இருக்காது. விமானமும் இதே கணக்கில்தான் வரும்: பறக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இறங்கலாம். அதனால்தான் சில குழந்தைகளுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே, 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்துச் சாச்சுரேஷன் எப்படிப் போகிறது என்று மருத்துவமனையில் சோதிக்கிறார்கள். பார்க்க ஆசைப்பட்ட மலை எத்தனை மீட்டர் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, அப்புறம் அறையைப் பதிவு செய்யுங்கள்.

இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுச் சிலிண்டரை அதற்கேற்ப அடைப்பதும் தலைகீழான வேலைதான். சிலிண்டர்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். கையில் தூக்கும் சிறிய சிலிண்டரில் 170 லிட்டர் வாயு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு அரை லிட்டர் போனால் 340 நிமிடம், அதாவது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கேட்க நன்றாக இருக்கிறது. வழியில் குழந்தை வீறிட்டு அழுது, டாக்டர் அனுமதித்தபடி ஒரு லிட்டருக்குக் கூட்டினீர்கள் என்றால் அது பாதியாகிவிடும். எனவே மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. பேட்டரிக்கும் இதே கணக்கு, பாலுக்கும் டயப்பருக்கும்கூட இதே கணக்கு. குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் உபரி பேட்டரியைப் பையின் வெளிப்பக்கம் வைக்காமல் உங்கள் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கையடக்கக் கான்சன்ட்ரேட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும், அது தொடர்ச்சியாக ஆக்சிஜன் தருமா அல்லது மூச்சை இழுக்கும்போது மட்டும் விட்டுவிட்டுத் தருமா? கைக்குழந்தையின் மூச்சு அத்தனை மெல்லியது, இரண்டாவது வகைக் கருவி பல நேரம் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் தீ கூடாது என்பது தெரிந்ததுதான், ஆனாலும் கூடாரத்துக்குப் போனால் குளிர்காய உட்காரும் ஆசை வரத்தான் செய்யும். குழந்தையோடு நெருப்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளியே இருங்கள். புகை வேறு இருக்கிறது, தேறிவரும் நுரையீரலுக்கு விறகுப் புகையைப் போல வேண்டாத விருந்தாளி கிடையாது, ஆகவே நெருப்பே வேண்டாம் என்று முடிவெடுப்பது நல்லது. கேனுலா (ஆக்சிஜன் தரும் மூக்குக் குழாய்) உரசி மூக்கு சிவந்தால் பெட்ரோலியம் ஜெல்லி தடவுவதும் தவறு. ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப்பசை உள்ளவை எளிதில் தீப்பிடிக்கும். நீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பைக் கேட்டு வாங்குங்கள்.

சாச்சுரேஷனை அளக்கும் ஆக்சிமீட்டரை வெயிலில் அப்படியே நம்புவது இன்னொரு தவறு. காட்சி இப்படி இருக்கும்: எண் 82 காட்டுகிறது, அலாரம் கத்துகிறது, குழந்தையோ ரோஜா நிற உதட்டோடு தன் முஷ்டியைச் சப்பிக்கொண்டு மரத்தைப் பார்க்கிறது. சென்சாரின் மேல் நேர் வெயில் படுகிறது, அல்லது கால் சில்லிட்டிருக்கிறது, அல்லது உதைத்துக்கொண்டிருக்கிறது, இந்த மூன்றுமே எண்ணைக் கெடுக்கும். பாதத்தைக் கையால் பொத்திச் சூடாக்கி, சென்சாருக்கு மேல் ஒரு சாக்ஸை மாட்டி, திரையில் நாடித்துடிப்பின் அலை வடிவம் சீராக வரும்வரை பாருங்கள். இதைச் செய்யும்போதே குழந்தையையும் பாருங்கள், அதுதான் முக்கியம். மூக்குத் துவாரம் விரிகிறதா, விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்குகிறதா, முனகுகிறதா, உதடும் நாக்கும் நீலம் பாய்கிறதா, பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தால் மானிட்டர் 98 என்று காட்டினாலும் திரும்பிவிடுங்கள். உதடு நீலமானால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

துணித்தூளியிலோ கேரியரிலோ குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்வது அருமையான விஷயம், ஆனால் மோவாய் மார்பில் இடித்தபடி குழந்தை சுருண்டுகிடந்தால் மூச்சுப்பாதை மடங்கி அடைபடும். தசை தளர்ந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் தலையைத் தூக்கி மாற்றிக்கொள்ளும் பலம் இருக்காது, சத்தமும் போடாது. மோவாய்க்கும் மார்புக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும், குனிந்தால் உச்சந்தலையில் முத்தமிட முடிய வேண்டும், முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். முதுகில் சுமக்கும் சட்டக் கேரியரை ஆறு மாதம் ஆகிவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். அதற்கும் மேலாகத் தலை நின்று, தானாக உட்கார வர வேண்டும். கார் சீட்டிலும் இதே சுருண்டுகொள்ளும் பிரச்சினைதான், நீண்ட பயணத்தில் அடிக்கடி நிறுத்தி வெளியே எடுத்துப் படுக்கப் போடுங்கள்.

வெயில் படக் கூடாது என்று ஸ்ட்ரோலரைத் துணியால் மூடுவதை ஏறக்குறைய எல்லோருமே செய்கிறோம். மெல்லிய துணியாக இருந்தாலும் காற்றோட்டம் நின்று உள்ளே வெக்கை ஏறும், குழந்தையின் முகமும் தெரியாது. குடை போதும், நிழல் போதும். நிறுத்திய காரில் "இரண்டு நிமிடம்தானே" என்று விடுவது பற்றிப் பேசவே தேவையில்லை, பத்து நிமிடத்தில் உள்ளே 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடும். ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீனை நம்பாமல் நிழலையும் உடையையும் நம்புங்கள். அதே வயதில் வெக்கைக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள், பாலை அடிக்கடி கொடுங்கள். சில இதயக் கோளாறுகளில் உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பதால், ஈரமான டயப்பர்களை எண்ணுவது அங்கே வெறும் பழக்கம் இல்லை. பலருக்கும் தெரியாத இன்னொன்று, ஃபுரோஸமைடு (சிறுநீரைக் கூட்டும் மருந்து), கோட்ரைமாக்சசோல் (ஆன்டிபயாட்டிக்) போன்ற மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். பூச்சிக்கு வலை கட்டுவதே மேல், டீட் என்ற பூச்சிவிரட்டி ரசாயனம் கலந்த மருந்து இரண்டு மாதத்துக்குள் கூடவே கூடாது.

குழாய் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பால் செலுத்த வயிற்றில் பொருத்திய ஃபீடிங் பட்டன் பிடுங்கிக்கொண்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பிக்கும், மாற்றுப் பட்டன் இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள். டிரக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய குழாய்) இருந்தால் அதே அளவில் ஒரு மாற்றுக் குழாய், ஒரு அளவு சிறியதாக இன்னொன்று, சளியை உறிஞ்சும் சக்ஷன் மெஷின், அது நின்றால் கையால் இழுக்கும் சக்ஷன், இவ்வளவும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கார் டிக்கியில் இல்லை. மணலும் நீர்த்தெறிப்பும் அந்தக் குழந்தைக்கு ஆகாது. ஐஸ் பேக் வைத்த பெட்டியில் தாய்ப்பால் 24 மணி நேரம் தாங்கும், வெளியே 25 டிகிரிக்குள் நான்கு மணி நேரம். கலக்கிய பவுடர் பாலுக்கு வெளியே இரண்டு மணி நேரம்தான்.

எல்லாம் ஒருவருக்கே தெரிந்திருப்பது, இதுதான் என் பார்வையில் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. அம்மாவுக்கு மட்டும் குழாய் மாற்றத் தெரியும், அப்பாவுக்குப் பை தூக்க மட்டும் தெரியும் என்றால், வழுக்கும் பாதையில் கால் பிசகுவது அம்மாவுக்காக இருந்துவிட்டால் என்ன செய்வது? கிளம்புவதற்கு முன் ஒருநாள் முழுக்க வீட்டு முற்றத்திலோ மாடியிலோ, பைக்குள் இருப்பதை மட்டும் வைத்து, இருவரும் மாறி மாறிச் செய்து பாருங்கள். எது விட்டுப்போயிருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். நோயின் பெயர், மருந்து, அளவு, ஒவ்வாமை, குழாய் அளவு, வழக்கமான சாச்சுரேஷன், டாக்டரின் எண் எல்லாம் ஒரே தாளில் எழுதி, ஒரு நகல் பையில், ஒரு நகல் சட்டைப் பையில். போனில் மட்டும் வைத்தால் போன் அணைந்த பிறகு அது யாருக்கு உதவும்? அதோடு, பக்கத்து மருத்துவமனை எது என்று பார்த்தால் மட்டும் போதாது, அங்கே குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை உண்டா என்று முன்கூட்டியே கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள், சிக்னல் எந்த இடத்தோடு நிற்கிறது என்பதையும் விசாரியுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் கூடாரத்தில் படுத்துக்கொண்டு விடியட்டும் என்று பார்க்கக் கூடாது, அப்போதே கிளம்ப வேண்டும்.

பாதி வழியில் திரும்புவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் ஆட்களும் உண்டு, குறிப்பாகக் குழந்தைக்கு முன்பு நிறைய மலையேறியவர்கள். முதல் சில பயணங்களுக்குக் காரிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் இடமாகவே தேர்ந்தெடுங்கள், திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், இருவரில் யார் "போதும்" என்றாலும் மற்றவர் ஏன் என்று கேட்காமல் பையை எடுக்க வேண்டும். வீடு திரும்பியதும் சிலிண்டரிலும் பேட்டரியிலும் மீதி எவ்வளவு என்று எழுதி வைத்துவிடுங்கள், அடுத்த முறை எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போட அந்த எண்கள் தேவைப்படும்.