'டூ அப்' வேறு, 'ரெஸ்டோர்' வேறு

புதுச்சேரியில் பழைய வீடுகளைச் சீரமைக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், லண்டனிலோ சிட்னியிலோ இருக்கும் உரிமையாளருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதும்போது அதே பழைய இடங்களில்தான் வழுக்குகிறார்கள். எழுத்துப்பிழையை விடுங்கள், அதை ஃபோனே திருத்திவிடும். கீழே உள்ளவற்றைத் திருத்தாது.

எஸ்டிமேட்டில் 'டூ அப்'

கைக்காசைக் கரைக்கும் தவறு இதுதான். 'டூ அப்' (do up) என்றால் பழசைச் செப்பனிட்டு, பெயின்ட் அடித்து, பார்க்க லட்சணமாகவும் புழங்க வசதியாகவும் ஆக்குவது. முன்பு இருந்தபடியே ஆக்கித் தருகிறேன் என்ற உறுதி அதில் கிடையாது. அந்த உறுதி 'ரெஸ்டோர்' (restore) என்ற சொல்லில் இருக்கிறது.

வைசியாள் வீதியில் திண்ணை வைத்த ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து கிடக்கிறது. அதைக் கொத்தியெடுத்து, சிமென்ட் பூசி, எமல்ஷன் அடித்துவிட்டு 'வீ டிட் அப் தி ஹவுஸ்' என்று எழுதலாம், மொழியில் குற்றமில்லை. 'வீ ரெஸ்டோர்ட் தி ஹவுஸ்' என்றால் பொய். மறுபடியும் சுண்ணாம்பே பூசி, மெட்ராஸ் டெரஸில் (மர விட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போடும் பழைய மொட்டைமாடித் தளம்) உளுத்த தேக்கு விட்டத்தை மட்டும் மாற்றி, மெல்லிய செங்கல்லைப் பழையபடி மூலைவாட்டத்தில் நிறுத்தி அடுக்கினால்தான் அந்தச் சொல்லுக்கு நியாயம்.

உரிமையாளர் மனதில் இரண்டாவது, உங்கள் தாளில் முதலாவது என்றால் சண்டை நிச்சயம். சிமென்ட் பழைய சுவரின் ஈரத்தை வெளியே விடாது. உப்பு பூத்து, பூச்சு உப்பி உதிரும். திரும்பக் கொத்த வேண்டும், கூலி இரண்டு முறை. ஒரே ஒரு சொல்லைப் பார்த்து எழுதாததற்கு இவ்வளவா என்று இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

எஸ்டிமேட்டில் கதவு, பூச்சு, தளம் என்று வரிவரியாகப் பிரித்து, எது 'ரிப்பேர்', எது 'ரீப்ளேஸ்', எது 'ரெஸ்டோர்' என்று எழுதுங்கள். 'டூ அப்' பேச்சுக்கு இருக்கட்டும்.

'டூ அப் இட்'

கிடையாது. 'டூ இட் அப்'. வீடு என்று பெயர் சொன்னால் மட்டும் 'டூ அப் தி ஹவுஸ்', 'டூ தி ஹவுஸ் அப்' இரண்டும் சரி.

'ஃபிக்ஸ்' பண்ணியாச்சு

நம் பேச்சில் ஃபேனை ஃபிக்ஸ் பண்ணினால் மாட்டுகிறோம், கல்யாணத் தேதியை ஃபிக்ஸ் பண்ணினால் முடிவு செய்கிறோம். 'வீ ஃபிக்ஸ்ட் தி ஃபேன்' என்று படிக்கிற லண்டன்காரர், புது ஃபேன் அதற்குள் ரிப்பேரா என்றுதான் கேட்பார். மாட்டியதற்கு 'இன்ஸ்டால்ட்'. 'அப்' சேர்ந்த 'ஃபிக்ஸ் அப்' வேறு. அமெரிக்கர்கள் 'டூ அப்' என்ற இடத்தில் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள்.

சட்டையை 'டூ அப்'

பட்டன் போடுவது.

'ரெஸ்டோர் பேக்'

'ரெஸ்டோர்' என்றாலே பழையபடி ஆக்குவதுதான், 'பேக்' (back) வேண்டாம்.