போர்ட் கேமுக்குக் கருத்துச் சொல்லப் போய் நாங்கள் விட்ட பிழைகள்

மட்டக்களப்பு டவுனில் கரம் போர்ட் வாங்கலாம், செஸ் வாங்கலாம். லூடோவும் பாம்பும் ஏணியும் எந்தப் புத்தகக் கடையிலும் தொங்கும். கட்டான், அசூல், விங்ஸ்பான் மாதிரி போர்ட் கேம் பெட்டி வேண்டுமென்றால் மட்டும் கட்டாரிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது லீவில் வர வேண்டும். வருகிறவரின் சூட்கேசில் பால்மாப் பேணிக்கும் சொக்கிலேட்டுக்கும் நடுவே இடம் மிஞ்சவும் வேண்டும். 2022இல் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் சில மாதத்துக்குள் 360ஐத் தாண்டிய பிறகு விலையைப் பற்றிக் கதைத்து வேலையில்லை. எங்கள் கூட்டத்துக்கு வருடத்தில் ஒரு பெட்டி, அதிகம் போனால் இரண்டு. எதை எடுப்பது என்பது யாரோ ஒருவர் சொல்லும் கருத்தில்தான் தொங்குகிறது. அந்தக் கருத்துப் பிழைத்தால் ஒரு வருடம் போச்சு.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. 2022இன் கரண்ட் கட் நாட்களில் கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் லாம்பு வெளிச்சத்தில் தொடங்கியது, இப்போது பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் கூடுகிறோம். கணக்குப் படிப்பிக்கும் சேர் ஒருவர், காத்தான்குடியிலிருந்து வரும் நானா, கல்முனைப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் இரண்டு கம்பஸ் பிள்ளைகள், அப்புறம் நான். கீழே எழுதியிருக்கும் பிழைகளில் பாதி நான் விட்டவை.

முதலாவது டிக்கெட் டு ரைட். அலன் மூன் வடிவமைத்து 2004இல் வந்த ரயில் விளையாட்டு. ஊர்களுக்கு நடுவே தண்டவாளம் போட்டுக் கையில் இருக்கும் டிக்கெட்டுகளை முடிக்க வேண்டும். நானும் தம்பியுமாக இரண்டு பேர் விளையாடிப் பார்த்துவிட்டு, மூன்று மாதமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்: “சண்டையே இல்லாத கேம். ஆளுக்கொரு பக்கம் தண்டவாளம் போட்டுவிட்டு எழும்பிப் போகலாம்.” பிறகொரு நாள் சேர் ரூல்ஸ் புத்தகத்தைக் கையில் எடுத்தார். இரண்டு ஊர்களுக்கு நடுவே இரட்டைத் தண்டவாளம் இருக்கும் இடங்களில், இரண்டு அல்லது மூன்று பேர் விளையாடினால் ஒன்றைத்தான் பாவிக்கலாம். ஒருவர் எடுத்துவிட்டால் மற்றது மூடியாயிற்று. நாங்கள் இரண்டையும் திறந்துவிட்டு விளையாடியிருக்கிறோம். சண்டை வர வேண்டிய இடத்தையெல்லாம் நானே அகலமாக்கிவிட்டு, சண்டை இல்லை என்று முறைப்பாடு வேறு. மாகோவிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர் ரயிலுக்காகக் காத்துக் கிடந்து பழகிய எனக்கு இது முதலிலேயே உறைத்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு விளையாட்டை முதல் தடவை ஆடி முடித்ததும் ரூல்ஸ் புத்தகத்தைத் திரும்ப வாசியுங்கள். ஆடுவதற்கு முன் வாசித்தபோது வெறும் வரியாகக் கிடந்தது, ஆடிய பிறகு வாசித்தால் ஐயோ என்று வரும். ஊர் உலகமெல்லாம் ஒரு விளையாட்டை ஒரு குணத்துக்காகப் புகழ்ந்து, அந்தக் குணம் மட்டும் உங்கள் மேசையில் காணாமல் போயிருந்தால் பிழை பெரும்பாலும் மேசையில்தான். இருவர் ஒரே பெட்டியைப் பற்றி வாதாடும்போது பதிப்பையும் கேட்க வேண்டும். நிலத்துண்டுகளை அடுக்கி நகரமும் வயலும் கட்டும் கார்க்கசோனில் விவசாயிக்குக் கூடுதலான பலமா இல்லையா என்று நானாவும் கம்பஸ் தம்பியும் ஒரு பின்னேரம் முழுக்க இழுபட்டார்கள். நானா படித்தது முதல் பதிப்பின் விதி: முடிந்த நகரம் ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி, அதைச் சுற்றி அதிக விவசாயிகளைப் படுக்க வைத்தவருக்கு மட்டும். தம்பியினுடையது பின்னால் வந்த விதி: ஒவ்வொரு வயலும் தன்னைத் தொடும் முடிந்த நகரத்துக்கெல்லாம் 3 புள்ளி. இரண்டு வெவ்வேறு கேமுக்கு ஒரு பெயரை வைத்துக்கொண்டு சண்டை பிடித்திருக்கிறார்கள்.

சரி, அடுத்தது “அதிர்ஷ்டம்” என்ற சொல். கட்டானைப் பற்றிக் கதைக்கும் இடத்தில் இது வராமல் இருந்ததே இல்லை. கிளவுஸ் டொய்பர் வடிவமைத்து 1995இல் ஜெர்மனியில் வந்த விளையாட்டு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் “காட்டான்”. “அந்தக் காட்டான் விளையாட்டை எடுத்து வெச்சிட்டுச் சாப்பிட வாங்க” என்று அம்மா கூப்பிடுவார். இரண்டு தாயக்கட்டையை உருட்டி, விழும் எண்ணுக்குரிய நிலத்தில் வீடு வைத்திருப்பவருக்கு மரம், செங்கல், நெல்லு மாதிரிச் சாமான் கிடைக்கும். (நெல்லு இல்லை, கோதுமை. அம்பாறைக்காரர் ஒருவர் நெல்லு என்றே கேட்டுக் கேட்டு எங்கள் வாயிலும் அதுவே வந்துவிட்டது.) எண் விழாதவர் வெறுங்கையோடு இருந்துவிட்டு, “முழுக்க அதிர்ஷ்டம், மூளைக்கு வேலையில்லை” என்று எழும்பிப் போவார்.

சேர் இதற்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு கட்டை 36 விதமாக விழும். 7 விழுவதற்கு 6 வழி, 6க்கும் 8க்கும் 5 வழி, 2க்கும் 12க்கும் ஒவ்வொரு வழிதான். 6, 9, 5 எண் நிலங்கள் கூடும் மூலையில் வீடு வைத்தவருக்கு 36இல் 13 விதம் பலன் தரும். 2, 12, 3 கூடும் மூலையில் வைத்தவருக்கு 4. எண் வில்லைகளில் எண்ணுக்குக் கீழே இருக்கும் சின்னப் புள்ளிகள் இதைத்தான் சொல்கின்றன. எங்கே வீடு வைப்பது என்று தெரிவு செய்தது நீங்கள். அதற்காக அதிர்ஷ்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓர் ஆட்டத்தில் உருட்டுவது சில பத்துத் தடவைதான், அதற்குள் கணக்கு நேராகிவிடாது. நல்ல மூலையில் இருந்து பட்டினி கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

“அதிர்ஷ்டம் கூட” என்பதோடு நிறுத்துவதுதான் பிழை. அது எப்போது வருகிறது என்று சொல்ல வேண்டும். நாங்கள் சின்ன வயதிலிருந்து ஆடும் 304 என்ற காட்ஸ் விளையாட்டை எடுத்துப் பாருங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கு 304. முதல் நாலு காட்ஸைப் பார்த்து எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்கிறோம், துரும்பைக் கவிழ்த்து வைக்கிறோம், மற்ற நாலு காட்ஸும் அதற்குப் பிறகுதான் கைக்கு வருகின்றன. முடிவெடுத்த பிறகு வரும் அதிர்ஷ்டம் அதிலும் உண்டு. ஆனால் 304ஐ யாராவது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கூடக் கேட்டுத் தோற்றவனைத்தான் மடையன் என்கிறோம். கட்டானுக்கும் அதே நியாயத்தைக் கொடுத்துவிட்டு, “யோசித்து வைத்த பிறகு கட்டை வந்து கெடுப்பது எனக்குப் பிடிக்காது” என்று சொன்னால், கேட்கிறவர் தனக்குப் பிடிக்குமா இல்லையா என்று தானே முடிவெடுப்பார்.

ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவது சின்னப் பிழை மாதிரித் தெரியும். தட்டுகளிலிருந்து நிற ஓடுகளை எடுத்துச் சுவரில் பதிக்கும் அசூலைக் கேளுங்கள். இரண்டு பேர் என்றால் நடுவில் 5 தட்டு, 20 ஓடு. நாலு பேர் என்றால் 9 தட்டு, 36 ஓடு. நாலு பேரோடு ஆடும்போது உங்கள் முறை திரும்பி வருவதற்குள் மேசையே மாறிவிடும், சிரித்துக்கொண்டு ஆடலாம். இரண்டு பேரோடு ஆடும்போது எதிரில் இருப்பவர் எண்ணிப் பார்த்து, யாருக்கும் வேண்டாத ஓடுகளைக் கடைசியில் உங்கள் தலையில் கட்டுவார். பதிக்க இடமில்லாத ஓடுகள் விழும் தரைவரிசை நிறைந்தால் ஒரே சுற்றில் 14 புள்ளி போகும். எங்கள் சேரும் அவருடைய மனைவியும் ஆடும் அசூல் ஒரு விளையாட்டு, விறாந்தையில் நாங்கள் ஆடுவது இன்னொன்று.

பாண்டமிக்கில் எல்லாரும் ஒரே பக்கம். நாலு நோய்க்கும் மருந்து கண்டுபிடித்தால் எல்லோரும் வெல்வோம், இல்லாவிட்டால் எல்லோரும் தோற்போம். இரண்டு போயா ஆடிவிட்டு நானா சொன்னார், “கேம் சரிவரல்ல, நித்திர வருது.” ஏன் என்று கேட்டதற்குச் சேரைப் பார்த்தார். “சேர், எனக்கு ஏன் காட்ஸ் தாறீங்க? நீங்களே வெச்சிருங்களன்.” உண்மைதான். சேர் எல்லோருடைய கையையும் பார்த்து, யார் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வகுப்பு நடத்திப் பழகிய வாய். அடுத்த முறை, தன் முறை வந்தவர் கேட்டாலொழிய யாரும் வாய் திறக்கக் கூடாது என்று வைத்தோம். மூன்றாம் தடவை நானா தோற்றுப் போய், இன்னொரு ஆட்டம் என்றார். கேமுக்குக் குணம் ஒன்று, மேசையில் இருக்கும் மனிதருக்கு ஒன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால் பாவம் பெட்டிதான் பழி சுமக்கும்.

கதைக்களம் பற்றிய கருத்து கொஞ்சம் சிக்கலான இடம். செஞ்சுரி ஸ்பைஸ் ரோட் என்று 2017இல் வந்த ஒன்றில் சரக்குகளை மாற்றி மாற்றி மேலே கொண்டுபோக வேண்டும். மஞ்சள் அடியில், பிறகு குங்குமப்பூ, ஏலக்காய், கடைசி உச்சியில் கறுவா. எங்கள் அம்மா எட்டிப் பார்த்து, “குங்குமப்பூவை விடக் கறுவா விலையா? ஆர் இந்தக் கடைக்காரன்?” என்று கேட்டார். அதைப் பகிடியாக எடுக்கலாம். எங்கள் ஊர்ப் புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் பிடித்ததற்குப் பின்னால் கறுவா இருந்ததை நினைத்தால், அந்தக் கடைக்காரன் ஆர் என்பதற்கும் ஒரு பதில் வரும்.

ஆனால் 2002இல் வந்த போர்ட்டோ ரிக்கோவில் பகிடி நின்றுவிட்டது. அதில் கப்பலில் ஆட்கள் வந்து இறங்குவார்கள், அவர்களைத் தோட்டங்களுக்குப் பிரித்து வைப்போம். ஆட்களைக் குறிப்பது கபில நிற வட்டத் துண்டு. கம்பஸ் பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மம்மா மலையகத் தோட்டத்தில் பிறந்தவர். அவள் இரண்டு சுற்றுக்குப் பிறகு, “எனக்கு இதை வெச்சு விளையாட ஏலாது” என்று எழும்பிவிட்டாள். “அது வெறும் மரத்துண்டுதானே” என்று சொன்னது யார் என்பதை விட்டுவிடுகிறேன். அவள் சொன்னதும் கேமைப் பற்றிய கருத்துத்தான், புள்ளிக் கணக்கைப் பற்றிய கருத்தை விடக் குறைந்ததும் இல்லை. வெளியிட்டவர்களே 2022இல் அடிமை முறை ஒழிந்த பிறகான காலத்துக்கு மாற்றி, போர்ட்டோ ரிக்கோ 1897 என்று புதிதாகப் போட்டார்கள். பொறிமுறை அருமையானது என்று நான் இப்போதும் சொல்வேன், ஆனால் அந்தத் துண்டு என்னவென்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

கனமான கேமுக்குப் பழகியவர்கள் கட்டானைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளுவது, கரமும் தாயமும் ஆடுகிறவர்களைப் பார்த்து உதட்டைச் சுழிப்பது, இதற்கெல்லாம் ஒரு வரிக்கு மேல் எழுத விருப்பமில்லை. தோற்ற இரவில் கருத்துச் சொல்வதும் அப்படித்தான். கல்லடிப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகும் வரைக்குமாவது பொறுங்கள். வாவிக் காற்று படட்டும். காற்று என்றதும் ஒன்று: அந்த உப்பு ஈரத்தில் அட்டைகள் வளைந்து போனதற்குக் கம்பனியைத் திட்டுவது நியாயமில்லை. உறை போட்டு வைத்திருக்க வேண்டியது நாங்கள்.

கடைசியாக “நல்லம்”, “அறுவை” என்ற இரண்டு சொற்கள். பறவைக் காட்ஸ் சேர்த்து ஆடும் விங்ஸ்பானைக் கம்பஸ் தம்பி அறுவை என்றான். விடாமல் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. “என்ர பறவையெல்லாம் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கேக்க கேம் முடிஞ்சுது.” அவன் சொன்னது சரி. அதில் நாலு சுற்று. முதல் சுற்றில் 8 முறை, பிறகு 7, 6, கடைசியில் 5, எல்லாமாக 26. உங்கள் கை பலக்கப் பலக்க வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். அவனுக்கு எரிச்சல் தந்த அதே விஷயத்துக்காகத்தான் எனக்கு அந்தக் கேமைப் பிடிக்கும். அறுவை என்பதோடு நின்றிருந்தால் நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன்.

இப்போது கட்டாரில் இருக்கும் மச்சான் டிசம்பரில் வருகிறார். ஒரு பெட்டிக்குத்தான் இடம் என்று வட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பியிருக்கிறார். பவர் கிரிட்டா அக்ரிகோலாவா என்று இரண்டு கிழமையாக இழுபறி. அக்ரிகோலாவைச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு தடவை ஆடிய நானா வேண்டவே வேண்டாம் என்கிறார். “பதினாலு சுற்று. ஒவ்வொரு அறுவடைக்கும் வீட்டில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு சாப்பாடு தேடிக் குடுக்கணும். பிள்ளை பெத்தா அதுக்கும் தேடணும். நல்லா ஏதும் கட்டுவம் எண்டு நினைக்கக்குள்ள அறுவடை வந்திரும். கடையில நான் நாள் முழுக்க இதத்தானே செய்றன்?”

அக்ரிகோலாவுக்கே என் வாக்கு என்று அன்றிரவே மச்சானுக்கு எழுதிவிட்டேன்.